என்ஜின்ல மரை போயிடுச்சா? ஓட்டையை சரி பண்றதுக்கு முன்னாடி இதை படிச்சுடுங்க

ஆயில் மாத்தலாம்னு டிரெயின் போல்ட்டை (என்ஜின் அடியில ஆயிலை வடிக்கிற போல்ட்) கழட்டுனேன், போல்ட் வர்றப்போவே அது மேல வெள்ளியா சுருள் சுருளா ஒண்ணு சுத்திகிட்டு வந்துச்சு. பேனாவுக்குள்ள இருக்குற ஸ்பிரிங் மாதிரி. கையில எடுத்து நசுக்கிப் பாத்தா அலுமினியம். என்ஜின் கேஸ்ல, அதாவது என்ஜினோட வெளிக்கூட்டுல, இருந்த மரை (போல்ட் திருகிப் பிடிக்கிற வரி) மொத்தமும் போல்ட்டோட உரிஞ்சு வந்துடுச்சு. அதுக்கு முந்தின சர்வீஸ்ல யாரோ நீள ஸ்பேனர் போட்டு ஏறி மிதிச்சு டைட் பண்ணிருக்காங்க, அதோட வெளைவு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் மூணு வாரம் அலைஞ்சேன். முதல்ல ஒருத்தர் டெஃப்லான் டேப் சுத்தி மாட்டிக் கொடுத்தாரு, ரெண்டு நாள்ல சொட்ட ஆரம்பிச்சு ஊத்துன ஆயில்ல பாதி ரோட்டுல போச்சு. அப்புறம் இன்னொருத்தர் வண்டியை சாய்ச்சு படுக்க வெச்சு ஹேண்ட் டிரில்லாலயே ஓட்டையை பெருசாக்கி எம்14 போல்ட் (எம்14னா 14 மில்லிமீட்டர் விட்டம்) போட்டாரு, ஓட்டை கோணலா போனதால வாஷர் ஒரு பக்கம்தான் உக்காந்துச்சு, மறுபடி சொட்டு. கடைசியா ஒரு லேத் பட்டறையில புஷ், அதாவது உள்ளயும் வெளியயும் மரை இருக்குற ஸ்டீல் குழாய், போட்டு சரியாச்சு. ஒவ்வொரு தடவையும் புது ஆயில் ஊத்துனதையும் சேர்த்தா 1,800 ரூபாய்க்கு மேல போயிடுச்சு. நேரா லேத்துக்கே போயிருந்தா 900க்குள்ள ரெண்டே நாள்ல முடிஞ்சிருக்கும். இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் எழுதுறேன். பைக், ஸ்கூட்டர் மட்டும் இல்ல, பவர் ஸ்பிரேயர், புல்லு வெட்டுற மெஷின், சின்ன தண்ணி என்ஜின் எல்லாத்துக்கும் இதே கதைதான், எல்லாத்துலயும் ஸ்டீல் போல்ட் அலுமினியத்துக்குள்ள போகுது, மோதுனா தோக்குறது அலுமினியம்தான்.

1. டைட் பண்றதை உடனே நிறுத்துங்க, என்ன போயிருக்குனு பாருங்க

போல்ட் சுத்திகிட்டே இருக்கு ஆனா டைட் ஆகலைனா மரை போச்சுனு அர்த்தம். "இன்னும் கொஞ்சம்" னு திருப்பவே திருப்பாதீங்க, மிச்சம் இருக்குற நல்ல மரையும் போயிடும். ஆயில் ஓட்டைனா வண்டியை ஓட்டவும் வேண்டாம், டிரெயின்ல சொட்டுற ஆயில் காத்துல பின் டயர் மேல தெளிக்கும், வளைவுல வழுக்கிடும். ஆட்டோவுல ஏத்திட்டுப் போற செலவு கம்மி.

போல்ட்டை வெளிய எடுத்து துணியால துடைச்சுட்டு மூணு விஷயம் பாருங்க.

போல்ட் மரைக்குள்ள அலுமினியம் அடைச்சிருக்கா? எத்தனை சுத்துக்கு அடைச்சிருக்குனு எண்ணுங்க. மேல ரெண்டு மூணு சுத்து மட்டும்னா கீழ நல்ல மரை இருக்க வாய்ப்பு இருக்கு.

ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. நல்ல மரைனா விளிம்பு கூரா வரிவரியா தெரியும், போன மரைனா மொழுமொழுனு குழாய் மாதிரி தெரியும்.

ஓட்டை எவ்வளவு ஆழம்? ஒரு சைக்கிள் ஸ்போக்கை உள்ள விட்டு விரல் நகத்தால பிடிச்சு வெளிய எடுத்து அளந்து பாருங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா நிறைய ஓட்டையில போல்ட் போற ஆழத்துக்குக் கீழயும் 4, 5 மில்லிமீட்டர் மரை வெட்டியிருப்பாங்க, அந்த மரையை யாரும் தொட்டிருக்கவே மாட்டாங்க. அப்படி இருந்தா கொஞ்சம் நீளமான போல்ட் போட்டாலே வேலை முடிஞ்சுது, 10 ரூபாய். ஆனா போல்ட் நுனி ஓட்டையோட அடியில இடிக்கக்கூடாது, இடிச்சா கேஸ் விரிசல் விட்டுடும். அடிக்கும் நுனிக்கும் நடுவுல ஒரு 2 மில்லிமீட்டர் இடம் விடுங்க. ஓட்டைக்குள்ள ஆயில் தேங்கியிருந்தாலும் துடைச்சுடுங்க, அடி மூடியிருக்குற ஓட்டையில ஆயில் மேல போல்ட்டை இறுக்குனா அது ஜாக்கி மாதிரி வேலை செஞ்சு கேஸை பிளந்துடும்.

ஓட்டையை சுத்தி மயிரிழை மாதிரி விரிசல் தெரிஞ்சா இந்த கட்டுரையில சொல்ற எதுவும் பத்தாது, நேரா ஆர்கான் வெல்டிங் தெரிஞ்சவர் கிட்ட போங்க.

2. அளவு எடுங்க, கண்ணால முடிவு பண்ணாதீங்க

வெர்னியர்ல (விட்டம் துல்லியமா அளக்குற கருவி) போல்ட்டோட மரை மேல அளங்க. எம்6 போல்ட் சரியா 6 காட்டாது, 5.9 பக்கம் காட்டும், அது சரிதான். அடுத்து பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். பிட்ச் கேஜ் இருந்தா நல்லது, 150 ரூபாய்க்கு கிடைக்கும். இல்லனா ஸ்கேல் வெச்சு பத்து மரை எவ்வளவு நீளம்னு அளந்து பத்தால வகுத்துக்கோங்க.

சின்ன என்ஜின்ல பெரும்பாலும் வர்ற அளவு இதுதான்:

- கேஸ் கவர், கிளட்ச் கவர்: எம்6 × 1.0
- என்ஜின் மவுண்ட் மாதிரி பெரிய போல்ட்: எம்8 × 1.25
- நிறைய பைக்கோட டிரெயின் போல்ட்: எம்12 × 1.5
- 100சிசி பைக்குல போடுற சி7எச்எஸ்ஏ வகை ஸ்பார்க் பிளக்: எம்10 × 1.0, மரை நீளம் 12.7 மி.மீ.
- புல்லு வெட்டுற மெஷின்ல வர்ற பிபிஎம்ஆர்7ஏ வகை பிளக்: எம்14 × 1.25, மரை நீளம் 9.5 மி.மீ. மட்டும். இவ்வளவு கட்டையா இருக்குறதாலதான் அந்த மெஷின்ல பிளக் மரை சீக்கிரம் போகுது

எம்10 விஷயத்துல ரொம்ப உஷாரா இருங்க. 1.0, 1.25, 1.5னு மூணு பிட்ச் கடையில கிடைக்குது. 1.25 ஓட்டையில 1.5 போல்ட்டை வெச்சா ரெண்டு சுத்து கையால ஏறும், அப்புறம் டைட்டா இருக்கும், "புது போல்ட்டு, அதான் டைட்டு" னு நெனச்சு ஸ்பேனரைப் போட்டா மரை காலி. கையால கடைசி வரைக்கும் போகாத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடவே கூடாது.

3. கையை வைக்கிறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை

இதை நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல.

வண்டி வாரண்டில இருந்தா வெளிய எங்கயும் டிரில் போடாதீங்க. ஜாப் கார்டு, பில், சர்வீஸ் புக் மூணையும் எடுத்துட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்க. வெளிய ஒரு தடவை புஷ் போட்டுட்டா அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எந்தக் குறை வந்தாலும் "வெளிய கை வெச்சிருக்கீங்க" னு சொல்லிடுவாங்க.

சர்வீஸ்ல விட்டு வாங்குன அன்னிக்கே சொட்டு தெரிஞ்சா அன்னிக்கே போயிடுங்க. போட்டோ எடுங்க, கிலோமீட்டர் ரீடிங் தெரியிற மாதிரி ஒரு போட்டோ, சொட்டுற இடம் ஒரு போட்டோ. நான் போனது அடுத்த சர்வீஸ் நேரத்துல, மாசக்கணக்கு ஆயிடுச்சு, முந்தின பில்லையும் தொலைச்சுட்டேன், அவங்கதான் பண்ணாங்கனு எதை வெச்சு காட்டுறது? யாரும் பொறுப்பு எடுத்துக்கல.

மூணாவதுதான் பெரிய விஷயம். "மரை போனா என்ன, கேஸையே மாத்திடலாம், பழைய கேஸ் கிடைக்குது" னு சிலர் சொல்லுவாங்க. என்ஜின் நம்பர் அடிச்சிருக்குறது அந்த கிராங்க்கேஸ் (ரெண்டு பாதியா இருக்குற என்ஜின் கேஸ்) ஒரு பாதி மேலதான். ஆர்சி, இன்சூரன்ஸ் ரெண்டுலயும் இருக்குறது அந்த நம்பர்தான். நம்பர் இருக்குற பாதியை மாத்துனா ஆர்டிஓல சொல்லி ஆர்சில ஏத்தணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்தணும். பழைய கேஸ்ல வேற யாரோட வண்டி நம்பரோ இருக்கும், அது திருட்டு வண்டியா இருந்தா மாட்டிக்கிறது நீங்க. அதனால மரைக்காக அந்தப் பாதியை மாத்தாதீங்க, இருக்குறதையே ரிப்பேர் பண்ணுங்க. கிளட்ச் கவர், மேக்னட் கவர் மாதிரி நம்பர் இல்லாத பாகம்னா மாத்துறதுல பிரச்சனை இல்ல.

4. எந்த வழில போறதுனு முடிவு பண்ணுங்க

கோயம்புத்தூர்ல நான் கொடுத்ததும் விசாரிச்சதும் வெச்சு ரேட் சொல்றேன், உங்க ஊர்ல கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.

பழைய மரையில டேப் (மரை வெட்டுற கருவி, சுத்துற டேப் இல்ல) விடுறது. மேல ரெண்டு சுத்து மட்டும் நசுங்கியிருந்தா இது போதும். அதே அளவு டேப்பை கையால மெதுவா விட்டு சுத்தம் பண்றது. பட்டறையில 50, 100 ரூபாய்.

ஓவர்சைஸ். எம்6 ஓட்டையை 6.8 டிரில் போட்டு எம்8 ஆக்குறது. இதுல பிரச்சனை, கவர்ல இருக்குற ஓட்டையையும் பெருசாக்கணும், சுவரும் மெலிசாயிடும், அடுத்த தடவை போனா போறதுக்கு எடமே இருக்காது. நடுவுல எம்7 × 1.0 இருக்கு, 6.0 டிரில் போதும், ஆனா எம்7 போல்ட் தேடி அலையணும். எனக்கு இந்த வழி பிடிக்கல.

ஹெலிகாயில். வைர வடிவ வெட்டு இருக்குற ஸ்டெயின்லெஸ் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுத்துனது. ஓட்டையை கொஞ்சம் பெருசாக்கி தனி டேப் போட்டு இதை உள்ள திருகுனா பழைய அளவு போல்ட்டே போடலாம். அலுமினியத்துல இருந்த பழைய மரையை விட இது ஸ்ட்ராங். எம்6, எம்8க்கு நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்லுவேன். பட்டறையில ஒரு ஓட்டைக்கு 150லேருந்து 300 வரைக்கும் கேக்குறாங்க. நீங்களே பண்ணணும்னா ஒரு சைஸ் கிட் 600லேருந்து 1,500 வரைக்கும் ஆகும்.

புஷ். வெளியயும் மரை, உள்ளயும் மரை இருக்குற கெட்டியான ஸ்டீல் குழாய். லேத்துல கடைஞ்சு போடுவாங்க. டிரெயின் ஓட்டை, பிளக் ஓட்டை மாதிரி அடிக்கடி கழட்டி மாட்டுற இடத்துக்கு இதுதான் சரி. எனக்கு 450 ஆச்சு.

ஆர்கான் வெல்டிங் பண்ணி ஓட்டையை மூடி மறுபடி டிரில், டேப். விரிசல் விட்டிருந்தா, இல்ல யாராவது ஏற்கனவே கோணலா துளைச்சு கெடுத்திருந்தா மட்டும். 800க்கு மேல ஆகும், என்ஜினை முழுசா பிரிக்கணும், ஆயில் ஊறுன அலுமினியத்துல வெல்டு குமிழ் குமிழா வரும், சூட்டுல கவர் உக்கார்ற முகம் வளையவும் செய்யும்.

எம்-சீல், அரால்டைட், டெஃப்லான் டேப் இதெல்லாம் வழியில மாட்டிகிட்டா வீடு வந்து சேர்றதுக்கு மட்டும். அதுவும் ஆயில் பட்ட இடத்துல ஒட்டவே ஒட்டாது. டெஃப்லான் துணுக்கு உள்ள போயி ஆயில் பம்ப் சல்லடையில அடைச்சா மரையை விட பெரிய செலவு வரும்.

5. நீங்களே ஹெலிகாயில் போடணும்னா வேண்டிய சாமான்

கிட்டுக்குள்ள பொதுவா டிரில் பிட், ஸ்பெஷல் டேப், காயிலை மாட்டுற கம்பி, காயிலோட அடியில இருக்குற வாலை உடைக்கிற ஊசி, பத்து பதினைஞ்சு காயில் இருக்கும். வாங்குறப்போ பிட்ச் எழுதியிருக்கானு பாத்து வாங்குங்க. அந்த டேப் சாதாரண டேப் இல்ல, எம்6 கிட்ல வர்ற டேப்போட வெளி அளவு 7.3 மி.மீ. பக்கம் இருக்கும். சாதாரண எம்7, எம்8 டேப் எடுத்து ஒப்பேத்தலாம்னு நெனைக்காதீங்க, காயில் ஆடும்.

டிரில் அளவு எம்6க்கு 6.3, எம்8 × 1.25க்கு 8.3 அல்லது 8.4. கிட்டுல போட்டிருக்குற அளவு எதுவோ அதையே வெச்சுக்கோங்க.

காயில் நீளம் விட்டத்தோட எத்தனை மடங்குனு சொல்லுவாங்க. எம்6க்கு ஒன்றரை மடங்குனா 9 மி.மீ. அலுமினியத்துல ஒன்றரை மடங்குக்கு கம்மியா போடாதீங்க, ஆழம் இருந்தா ரெண்டு மடங்கு போடலாம்.

இது போக டேப் ஹேண்டில், கிரீஸ், மண்ணெண்ணெய், கண்ணுக்கு கண்ணாடி, ஒரு சின்ன மூலைமட்டம். அலுமினியத்துல டேப் போட மண்ணெண்ணெய் மாதிரி வேற எதுவும் இல்ல, இப்போ கிடைக்கிறது கஷ்டம்னா டபிள்யூடி-40 அடிச்சுக்கலாம். எண்ணெய் இல்லாம காஞ்சு போட்டா அலுமினியம் டேப்போட பல்லுல அப்பிகிட்டு போட்ட மரையை அதுவே பிச்சுடும்.

6. ஹெலிகாயில் போடுறது

மொத தடவை பண்றவங்க பழைய, தூக்கிப் போட வேண்டிய ஒரு கவர்ல ரெண்டு ஓட்டை போட்டு பழகிடுங்க. காயில் ஒண்ணு 15, 20 ரூபாய்தான். என்ஜின்ல பழகாதீங்க.

அ) பக்கத்துல இருக்குற ஓட்டை எல்லாத்தையும் துணியால அடைங்க. உள்ள கியர் தெரியிற மாதிரி திறந்திருந்தா பெரிய துணியா போட்டு ஓரம் வரைக்கும் மூடுங்க. எந்தத் துணி எங்க வெச்சோம்னு எண்ணிக்கோங்க.

ஆ) டிரில். எம்6க்கு ஒரு நல்ல விஷயம் என்னன்னா, மரை போன ஓட்டையே கிட்டத்தட்ட 6 மி.மீ. இருக்கும், 6.3 ஆக்கணும்னா சீவுறது ரொம்பக் கொஞ்சம். அதனால மெஷின் இல்லாம, டிரில் பிட்டை டேப் ஹேண்டில்ல மாட்டி கையாலயே திருப்பலாம், பழைய ஓட்டையே வழி காட்டும், கோணலா போக வாய்ப்பு கம்மி. மெஷின்தான் போடணும்னா கம்மி ஸ்பீடுல போடுங்க. ஆழத்துக்கு பிட் மேல இன்சுலேஷன் டேப் சுத்தி அடையாளம் வெச்சுக்கோங்க. 9 மி.மீ. காயிலுக்கு 12 மி.மீ. ஆழமாவது வேணும், ஏன்னா டேப்போட நுனி மூணு நாலு மரை கூம்பா இருக்கும், அது முழு மரை வெட்டாது. அந்த அளவுக்கு ஆழம் இருக்கானுதான் முதல்லயே ஸ்போக் விட்டு பாக்கச் சொன்னேன். ஆழம் இல்லாத எடத்துல துளைச்சுகிட்டே போனீங்கனா மறுபக்கம் ஓட்டையாயிடும், அப்புறம் ஆயில் அந்த வழியா வரும்.

இ) டேப். பல்லு இடுக்கு எல்லாத்துலயும் கிரீஸ் அப்புங்க, சீவல் அதுல ஒட்டிகிட்டு வெளிய வந்துடும். முதல் ரெண்டு சுத்து ரொம்ப முக்கியம். ரெண்டு சுத்து போனதும் நிறுத்தி மூலைமட்டத்தை வெச்சு முன்னாடியும் பக்கவாட்டுலயும் பாருங்க. கோணல் தெரிஞ்சா இப்போ திருத்தலாம், நாலு சுத்துக்கு அப்புறம் திருத்த முடியாது. அரை சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, இப்படியே போங்க. பின்னாடி திருப்புறப்போ ஒரு சின்ன "டிக்" கையில தெரியும், சீவல் உடையுது. இறுக்கமா தெரிஞ்சா பலம் போடாதீங்க, முழுசா கழட்டி துடைச்சு மறுபடி கிரீஸ் போட்டு விடுங்க. உள்ள டேப் உடைஞ்சுடுச்சுனா அதை எடுக்குறது தனி வேலை, டிரில் பிட் அதை வெட்டாது.

ஈ) சுத்தம். காத்து அடிக்கிறப்போ கண்ணாடி போடுங்க, சீவல் நேரா கண்ணுக்கு வரும். அலுமினியத்தை காந்தம் இழுக்காது. பல் தேய்க்கிற பழைய பிரஷ்ல பெட்ரோல் தொட்டு மரையை தேய்ச்சு வெள்ளைத் துணியால துடைங்க, துணியில மினுக்கு வர்றது நிக்கிற வரைக்கும்.

உ) காயிலை மாட்டுற கம்பில போட்டு, கீழ இருக்குற குறுக்கு வால் கம்பியோட வெட்டுல உக்கார்ற மாதிரி வெச்சு, மெதுவா திருப்புங்க. கீழ அழுத்தவே கூடாது. அழுத்துனா காயில் ஒரு மரையை தாண்டி அடுத்த மரையில குதிச்சுடும், போல்ட் ஏறாது. தானா இழுத்துட்டு உள்ள போகணும், உங்க கை சும்மா சுத்துறதுக்கு மட்டும்தான். மேல்மட்டத்துல இருந்து கால் சுத்துலேருந்து அரை சுத்து உள்ள போனதும் நிறுத்துங்க. மேல்மட்டத்தோட சமமா விட்டா போல்ட் கழட்டுறப்போ காயிலும் சேர்ந்து வெளிய வரும். இன்னொண்ணு, மாட்டுற கம்பியை பின்னாடி திருப்பாதீங்க, நேரா மேல தூக்கி எடுங்க.

ஊ) வாலை உடைக்கிறது. அடி மூடியிருக்குற ஓட்டைனா ஊசியை வெச்சு ஒரு தட்டு, "டக்"னு உடையும். அதை கட்டாயம் வெளிய எடுங்க, ஸ்டெயின்லெஸ்ங்கிறதால காந்தத்துல சரியா ஒட்டாது, கிரீஸ் தடவுன குச்சில தொட்டு எடுங்க. ஓட்டை என்ஜினுக்கு உள்ள திறக்குதுனா தட்டாதீங்க, மூக்கு நீளமான பிளையர்ல வாலைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டி ஒடிச்சு அப்படியே வெளிய கொண்டு வாங்க.

எ) போல்ட்டை கையால விட்டுப் பாருங்க. முழுசா விரலாலயே போகணும்.

பழகிட்டா ஒரு ஓட்டைக்கு அரை மணி நேரம். முதல் தடவை ஒரு ஞாயித்துக்கிழமை காலையில முழுசா ஒதுக்கிடுங்க.

7. டிரெயின் ஓட்டை: லேத்துக்காரர்கிட்ட என்ன கேக்குறது

இங்க கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்கு தெரு லேத் பட்டறை இருக்கு. உங்க ஊர்லயும் தண்ணி மோட்டார், பம்ப் ரிப்பேர் பண்ற எடத்துல விசாரிச்சா சொல்லிடுவாங்க. சனிக்கிழமை போகாதீங்க, கூலி நாள், எல்லாரும் டெலிவரி அவசரத்துல இருப்பாங்க. வாரநாள்ல காலையில போனா சாயங்காலம் கைக்கு வந்துடும்.

எடுத்துட்டுப் போக வேண்டியது: புது டிரெயின் போல்ட், புது வாஷர் ரெண்டு, வண்டி. பழைய போல்ட்டை மாதிரி காட்டி புஷ் கடையச் சொல்லாதீங்க, அதோட மரையும் தேய்ஞ்சிருக்கும்.

எனக்கு வேலை செஞ்ச அண்ணன் முதல்ல பண்ணது டிரில்லை எடுக்கல, வெர்னியரை எடுத்து ஓட்டையை சுத்தி இருக்குற கேஸ் கெட்டியை அளந்தாரு. "சுத்தி மூணு மில்லியாவது மிச்சம் நிக்கணும் தம்பி, இல்லனா புஷ் போட்டு பிரயோஜனம் இல்ல" னாரு. இப்படி அளக்குறவர் கிடைச்சா நம்பி கொடுங்க. அளக்காம டிரில்லைத் தூக்குறவர்கிட்ட வண்டியை விடாதீங்க.

அவர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்க வேண்டியது:

எம்12 போல்ட்டுக்கு புஷ்ஷோட வெளி மரை எம்16 × 1.5 இல்லனா எம்18 × 1.5. அதை விட சின்னதா போட்டா புஷ்ஷோட சுவர் மெலிசாயிடும்.

புஷ்ஷுக்கு மேல காலர் (அகலமான விளிம்பு) வெச்சு கடையச் சொல்லுங்க, வாஷர் அது மேல உக்காரும். காலர் உக்கார்ற கேஸ் முகத்தை ஓட்டைக்கு நேரா சீவணும். எனக்கு ரெண்டாவது தடவை சொட்டுனதே இந்த முகம் கோணலா இருந்ததாலதான்.

வெளி மரையில லாக்டைட் மாதிரி நிரந்தர ஒட்டு போடணும். போடுறதுக்கு முன்னாடி ஆயில் சுத்தமா போகணும், அசிட்டோன்ல துடைச்சு காய விடணும். முழுசா இறுக 24 மணி நேரம் கொடுங்க. அன்னிக்கு சாயங்காலமே ஆயில் ஊத்தி ஓட்டாதீங்க, ஒரு நாள் பஸ்ல போயிக்கலாம்.

சீவல் உள்ள போயிருக்கும். புஷ் இறுகுனதும் மேல இருந்து 200 மில்லி விலை கம்மியான புது ஆயிலை ஊத்தி கீழ வழிய விடுங்க. வெள்ளைத் தட்டுல பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க. மினுக்கு இருந்தா மறுபடி ஊத்துங்க. எனக்கு மூணு தடவை ஊத்த வேண்டி வந்துச்சு.

8. பிளக் ஓட்டை: ஹெட்டை கழட்டிடுங்க

ஹெட்டை (சிலிண்டருக்கு மேல பிளக் உக்கார்ற பாகம்) கழட்டாம பிளக் ஓட்டையில புஷ் போட்டுத் தர்றேன்னு சொல்லுவாங்க. டேப்ல கிரீஸ் அப்பி, பிஸ்டனை கீழ இறக்கி, காத்து அடிச்சு எடுத்துடலாம்பாங்க. ஒரே ஒரு சீவல் வால்வுக்கும் அது உக்கார்ற எடத்துக்கும் நடுவுல மாட்டுனா கம்ப்ரஷன் போச்சு, சிலிண்டர்ல கோடு விழுந்தா போர் வேலை, அதாவது சிலிண்டரையே கடையணும். 100சிசி என்ஜின்ல ஹெட் இறக்குற கூலியும் கேஸ்கெட்டும் சேர்ந்து 500, 700க்குள்ளதான் வரும். இந்த எடத்துல மிச்சம் பிடிக்காதீங்க.

புஷ்ஷோட நீளம் பிளக் மரை நீளத்துக்கு சரியா இருக்கணும். 12.7 பிளக்குக்கு கட்டையான புஷ் போட்டா உள்ள மிச்சம் இருக்குற மரையில கரி பிடிக்கும், நீளமா போட்டா புஷ் நுனி அறைக்குள்ள நீட்டிகிட்டு சூடேறும். பிளக்கை மாட்டி உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டு அப்புறம் ஹெட்டை ஏத்தச் சொல்லுங்க.

இனிமே பிளக் கழட்டுறது என்ஜின் ஆறுனதுக்கு அப்புறம் மட்டும். மாட்டுறப்போ பிளக் ஸ்பேனரை கைப்பிடி இல்லாம, குழாயை மட்டும் விரலால சுத்தி உக்கார வைங்க. உக்காந்ததும் புது பிளக்னா அரை சுத்துலேருந்து முக்கால் சுத்துக்கு கொஞ்சம் கம்மி, அதோட வாஷர் நசுங்கி உக்காரும். பழைய பிளக்னா கடிகாரத்துல ஒரு மணி நகர்ற அளவு போதும்.

9. திரும்ப மாட்டுறது

கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்ல. கழட்டுறப்போவே ஒரு அட்டையில கவரோட வடிவம் வரைஞ்சு, ஒவ்வொரு போல்ட்டையும் அதோட எடத்துல குத்தி வெச்சுடுங்க. நீள போல்ட் எடத்துல கட்டை போல்ட் போனா மூணு மரைதான் பிடிக்கும், டைட் பண்றப்போ அது உரியும். கவர் மரை போறதுல பாதி இப்படித்தான்னு எங்க மெக்கானிக் சொல்றாரு, நான் பாத்தவரைக்கும் அவர் சொல்றது சரி.

டைட் அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், அதுதான் கணக்கு. பொதுவா எம்6 கவர் போல்ட் 10 நியூட்டன் மீட்டர் பக்கம், எம்12 டிரெயின் போல்ட் 25லேருந்து 30. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, கடையில சாதாரணமா கொடுக்குற அரை இஞ்ச் ரெஞ்ச் 28ல இருந்துதான் ஆரம்பிக்கும், எம்6க்கு அது உதவாது. 5லேருந்து 25 வரைக்கும் இருக்குற கால் இஞ்ச் ரெஞ்ச் கேட்டு வாங்குங்க. அது இல்லனா டி ஸ்பேனரோட கைப்பிடியைப் பிடிக்காம நடுத்தண்டை மட்டும் பிடிச்சு கை மணிக்கட்டால இறுக்குங்க, எம்6க்கு அவ்வளவு போதும்.

டிரெயின் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு, 15 ரூபாய்தான். பழைய வாஷர் நசுங்கி கெட்டியாயிருக்கும், சொட்டும், சொட்டுதேனு இன்னும் இறுக்குவோம், மரை போகும். எனக்கு முதல் தடவை போனதும் அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன், கழட்டுன வாஷர் பேப்பர் மாதிரி தட்டையா இருந்துச்சு.

ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுங்க, அடியில ஒரு வெள்ளை அட்டையை போடுங்க. ராத்திரி முழுக்க அந்த அட்டை அங்கயே இருக்கட்டும். காலையில சுத்தமா இருந்தா ஓட்டலாம். 100 கிலோமீட்டர் ஓட்டுனதுக்கு அப்புறம் ஒரு தடவை விரலால தொட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா இறுக்காதீங்க, ஆயிலை வடிச்சுட்டு கழட்டி வாஷர் உக்கார்ற முகத்தைப் பாருங்க. புஷ் போட்ட வண்டினு அடுத்த சர்வீஸ்ல ஜாப் கார்டுலயே எழுதச் சொல்லுங்க, டிரெயின் போல்ட்டை இறுக்குறப்போ பக்கத்துல நில்லுங்க.